ஏழாம் பக்கம்

நம் உம்மம்மா அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதனால் அவர்களைப் படிக்காதவர் என்று யாரேனும் சொல்லிவிட்டால் கோபம் வந்துவிடும். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் அவர்கள் தங்குதடையின்றி எழுதவும் வாசிக்கவும் வல்லவர்கள். மளிகைக் கணக்கு, பேறுகால மருந்துக் குறிப்பு, பிள்ளைகள் பிறந்த நாள், சிங்கப்பூரிலிருந்த மூத்த மகனுக்குக் கடிதம் ஆகிய யாவும் அந்த எழுத்தில்தான். அவர்களுடைய கணக்கேடு ஒன்று இன்றும் கடலூர் முதுநகரில் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றது. தாள் பழுத்திருக்கின்றதே அன்றி, மை மங்கவில்லை. ஆயினும் அதை விரித்து வைத்துக்கொண்டு சரளமாக வாசிக்க நம் குடும்பத்தில் இன்று ஒரே ஒருவர்தாம் எஞ்சியிருக்கின்றார். எழுத்து அழியவில்லை, அதை வாசிக்கும் கண்கள் அருகிவிட்டன.

நூறாண்டு கண்ட எழுத்துக்கு நேர்ந்த இக்கதி, நம் கண்ணெதிரே வந்து நம் கண்ணெதிரே போன ஒரு கணினிக்கும் நேரும் என்று நாம் எண்ணியதே இல்லை. அக்கணினியையும் அதற்குள் இருந்த ஒரு பக்கத்தையும் மீட்க முயன்ற கதையே இக்கட்டுரை.

நம் தாய்மாமா சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியராக இருந்தார்கள். 1984-இல் இந்திய அரசு, பள்ளி மாணவர்க்குக் கணினியை அறிமுகப்படுத்தக் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகள் அதில் இடம்பெற்றன. பின்னர் எண்ணிக்கை பெருகியது. அப்பள்ளிகளுக்கு வந்த பொறியின் பெயர் பிபிசி மைக்ரோ. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம் தன் நாட்டு மக்களுக்குக் கணினி கற்பிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை நடத்தியது. அத்தொடருக்குத் துணையாக ஏகார்ன் நிறுவனம் 1981-இல் செய்தளித்த வீட்டுக் கணினி அது. பின்னாளில் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் இதனை இந்தியாவிலும் வெளியிட்டது. மாமாவின் பள்ளிக்கும் இரண்டாண்டு கழித்துச் சில பொறிகள் வந்து சேர்ந்தன. சில வாரப் பயிற்சிக்குப் பின் மாமாவே கணினி ஆசிரியரும் ஆனார்கள்.

அந்நாளில் நாம் பள்ளி இறுதி வகுப்பு மாணவர். விடுமுறை வந்தால் கடலூர்த் துறைமுகம் சந்திப்பில் மீட்டர்கேஜ் ரயிலேறி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று செல்லும் வண்டியில் சிதம்பரம் சேர்வோம். மாமா நம்மைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார்கள். கணினி அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். சன்னலுக்குத் திரை; பொறிக்குத் துணியுறை; அறைக்கு இரட்டைப் பூட்டு. உறையை நீக்கி விசையைத் தட்டினால் தாழ்ந்து ஒலித்துப் பின் உயர்ந்து ஒலிக்கும் ஓர் இரட்டை ஒலி எழும். கரிய திரையில் வெள்ளெழுத்துத் தோன்றும். அவ்வொலியை நாம் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேட்கவில்லை.

இப்பொறிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இன்று வலைத்தளம் செய்யும் வேலையை அன்று தொலைக்காட்சியும் தொலைபேசியும் செய்ய முயன்றன. 1974-இல் பிரிட்டனில் 'சீஃபாக்ஸ்' என்னும் சேவை தொடங்கியது. தொலைக்காட்சி அலையில் படத்திற்குப் பயன்படாது எஞ்சும் சில வரிகளில் செய்தி, வானிலை, ரயில் நேரம் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக ஏற்றி அனுப்பினார்கள். 1979-இல் 'பிரெஸ்டெல்' என்னும் சேவை தொலைபேசிக் கம்பி வழியே அத்தகைய பக்கங்களை வீட்டுக்கு வரவழைத்தது. இதுவே வீடியோடெக்ஸ் எனப்பட்டது. பிரான்சில் இதன் உடன்பிறப்பான 'மினிடெல்' வீட்டுக்கு வீடு பரவிற்று. நம் நாட்டிலும் தூர்தர்ஷன் 1985-இல் தில்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற எழுத்துச் சேவையைத் தொடங்கியது. பிபிசி மைக்ரோவினுள் இப்பக்கங்களைக் காட்டுவதற்கென்றே முல்லார்டு நிறுவனத்தின் தனிச் சில்லு ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. பொறியில் ஏழாம் முறை என்று அழைக்கப்படுவது அதுதான். விசையைத் தட்டியவுடன் திரையில் தோன்றுவதும் அம்முறையே.

ஏழாம் முறையின் கணக்கை மாமா கரும்பலகையில் எழுதிக் காட்டியது நினைவிருக்கின்றது. ஒரு பக்கத்துக்கு 25 வரி. வரிக்கு 40 கட்டம். ஆக 1,000 கட்டம். கட்டத்துக்கு ஒரு பைட். பொறியின் மொத்த நினைவகமே 32 கிலோபைட். நுணுக்கமான ஓவிய முறைகளில் திரைக்கு மட்டும் 20 கிலோபைட் போய்விடும். இங்கோ ஒரே கிலோபைட்டில் ஏழு நிறத்தோடு ஒரு பக்கம் முடிந்துவிடும். "ஏழை வீட்டுக் கல்யாணம் போல," என்பார்கள் மாமா. "செலவு கொஞ்சம், குறை ஒன்றும் தெரியாது."

குறை ஒன்று இருந்தது. சில்லுக்குள் ஆங்கில எழுத்தே செதுக்கப்பட்டிருந்தது. அதை மாற்ற வழியில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் அகலத்தில் இரண்டு, உயரத்தில் மூன்று என ஆறு சிறு சதுரங்களாகப் பிரித்து, வேண்டியவற்றை ஏற்றிக்கொள்ள வசதி இருந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டார்கள். நான்கு கட்டம் அகலம், மூன்று வரி உயரம் என்று அளவு வைத்துத் தமிழ் எழுத்தைச் சதுரம் சதுரமாக அடுக்கினார்கள். வரிக்கு ஒன்பது எழுத்து. பக்கத்துக்கு எட்டு வரி. 'ப'வும் 'ட'வும் எளிதில் வந்தன. 'ழ' வருவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. கோலம் போடுகின்றவர் புள்ளித்தாளில் வரைவது போல, கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் வரைந்து, பிறகு எண்ணாக மாற்றி, பொறியில் ஏற்றுவார்கள். முடித்த பக்கத்தைச் சாதாரண ஒலிநாடாவில், டேப்ரிக்கார்டர் கொண்டு பதிந்து வைப்பார்கள்.

1990-களில் புதுவகைக் கணினிகள் வந்தன. பழையவை மூலைக்குப் போயின. 1998-இல் பள்ளி அவற்றைப் பழைய சாமான்களோடு ஏலம் விட்டது. இரும்புக் கடைக்காரர்களுக்கு நடுவே நின்று மாமா ஒரு பொறியையும் ஒரு திரையையும் பதினொரு நாடாக்களையும் நானூறு ரூபாய்க்கு எடுத்து வந்தார்கள். உம்மம்மா அப்போது மாமாவுடன் இருந்தார்கள். "படிச்ச புள்ள, காயலாங்கடைக்காரனோட போட்டி போட்டு வாங்கிட்டு வந்திருக்கே," என்று சொன்னார்களாம். அந்தப் பழைய பொறியோடு மாமா இரவுகளைக் கழித்தார்கள். உம்மம்மா 2003-இலும் மாமா 2009-இலும் மறைந்தார்கள். பெட்டி நம்மிடம் வந்து பரணேறியது.

கடலூர்க் காற்று கணினிக்கு உகந்ததன்று. உப்பும் ஈரமும் கலந்த கடற்காற்று செம்பைப் பச்சையாக்கும், இரும்பைத் துருவாக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது நம் வீட்டு ஓடுகள் பறந்தன. பரணில் நீர் இறங்கிற்று. அன்று அரிசியையும் பத்திரங்களையும் காக்க ஓடினோமே தவிர, பெட்டியை யாரும் நினைக்கவில்லை. பிறகு திறந்து பார்த்தபோது பொறி தப்பியிருந்தது; நாடாக்களில் இரண்டு நனைந்திருந்தன. துடைத்து, திரும்பவும் பரணில் வைத்தோம். அது நாம் செய்த முதல் தவறு. நனைந்த நாடாவை உலர்த்திய அன்றே பதிந்தெடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது தவறு 2023-இல் நேர்ந்தது. தங்கையின் மகன், நம் மருமகன், பொறியியல் படித்தவன். பழைய கணினிகளை இன்றைய கணினிக்குள் உயிர்ப்பிக்கும் 'எமுலேட்டர்' பற்றி அவன்தான் நமக்குச் சொன்னான். பழைய பொறி எதற்கு எப்படி நடந்துகொள்ளுமோ, அதற்கு அப்படியே நடந்துகாட்டும் செயல்நிரலே எமுலேட்டர். உடல் வேறு, நடத்தை அதுவே. விடுமுறையில் வந்து பெட்டியைப் பார்ப்பதாகச் சொன்னவன், "அதுவரை மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள் மாமா," என்று எச்சரித்திருந்தான். நமக்குப் பொறுமையில்லை. அந்த இரட்டை ஒலியைக் கேட்க ஆவல். விசையைத் தட்டினோம். ஒலியும் கேட்டது. மகிழ்ந்து முடியுமுன் 'பட்'டென்று ஒரு வெடிப்பு; பொறியின் பின்புறமிருந்து வெண்புகை; வீடெங்கும் கெட்ட நாற்றம்.

திருப்பாதிரிப்புலியூரில் பழைய தொலைக்காட்சி பழுது பார்க்கும் ஒருவர் பெட்டியைத் திறந்தார். "கண்டென்சர் போயிருக்கு பாய், பெட்டிக்கு ஒண்ணுமில்லை," என்றார். மின்சாரம் நுழையும் வாயிலில் இரைச்சலை வடிகட்டக் காகிதத்தாலான மின்தேக்கி ஒன்றை வைத்திருக்கின்றார்கள். நாளடைவில் அதன் உறையில் மயிரிழை வெடிப்புகள் விழும். அவ்வழியே ஈரம் புகும். மின்சாரம் பாய்ந்ததும் வெடிக்கும். இவ்வகைப் பொறிகள் எல்லா நாட்டிலும் இப்படித்தான் புகைகின்றனவாம். சில ரூபாய்ப் பொருள்; முன்னரே மாற்றியிருந்தால் தொல்லையே இல்லை. அவர் வேறொன்றையும் காட்டினார். பலகையில் ஓரிடத்தில் கையால் பற்றவைத்த இணைப்பு ஒன்று இருந்தது. இவ்வகைப் பொறியின் வீடியோ வெளியீட்டு வழி கறுப்பு வெள்ளையே வரும். நிறம் வேண்டுமானால் உள்ளே ஓரிடத்தை இணைக்க வேண்டும். மாமா அதைச் செய்திருந்தார்கள். தேதியோடு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார்கள்.

மருமகன் வந்தான். பொறியைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தான். பலகையின் இருபுறம், சில்லுகளின் மேலுள்ள எண்கள், மாமா பற்றவைத்த இணைப்பு, விசைப்பலகையில் தேய்ந்துபோன எழுத்துகள் என ஒன்றையும் விடவில்லை. பிறகு நிலைநினைவகச் சில்லுகளைக் கழற்றி, அவற்றில் உறைந்திருந்த 16 கிலோபைட் இயக்க நிரலையும் 16 கிலோபைட் பேசிக் மொழியையும் படித்தெடுத்தான். அவற்றின் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, 'மேம்' என்னும் எமுலேட்டர் திட்டத்தார் பதிந்து வைத்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டான். ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்திற்று. அவன் முகம் வாடியது.

"இதில் புதிதாக ஒன்றும் இல்லை மாமா. இந்தப் பொறி பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. உலகத்தில் எல்லோரிடமும் இருக்கிறது. இதை நாம் காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை."

உண்மைதான். ஆனால் அச்சிட்ட நூலும் ஆயிரம் பேரிடம் இருக்கும். அதன் ஓரத்தில் தாத்தா எழுதிய குறிப்பு ஒருவரிடம்தான் இருக்கும். பொறி பொதுவானது. அதைச் சிதம்பரத்து ஆசிரியர் ஒருவர் என்ன செய்தார் என்பதே அரியது. அது நாடாக்களில் இருந்தது.

இவ்விடத்தில் பிரிட்டனில் நடந்ததொன்றைச் சொல்வது பொருந்தும். 1086-இல் முதலாம் வில்லியம் மன்னர் நாட்டின் நிலங்களை அளந்து 'டூம்ஸ்டே' என்னும் ஏட்டில் எழுதச் செய்தார். அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் பிபிசி ஒரு புதிய டூம்ஸ்டே தொகுத்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பத்து லட்சம் பேர் தத்தம் ஊரைப் பற்றி எழுதினர். அது லேசர் தட்டில் பதியப்பட்டது; படிப்பதற்குப் பொறி நம் பொறியின் தம்பியான பிபிசி மாஸ்டர். பதினைந்து ஆண்டுக்குள் அத்தட்டைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து எமுலேட்டர் செய்து அதனை மீட்க வேண்டியதாயிற்று. 1086-இல் ஆட்டுத்தோலில் எழுதிய ஏடு மட்டும் எந்தப் பொறியும் இன்றி இன்றும் வாசிக்கப்படுகின்றது. வீடியோடெக்ஸ் சேவைகளும் மறைந்தன. மினிடெல் 2012 ஜூன் 30 அன்று நின்றது. சீஃபாக்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று நின்றது. அன்றாடம் அழித்தழித்து எழுதப்பட்ட அப்பக்கங்களை யாரும் சேர்த்து வைக்கவில்லை. மக்கள் தம் வீட்டில் படம் பதிந்த பழைய வீடியோ நாடாக்களில், படத்தின் விளிம்பில் அறியாமலே பதிந்துபோன வரிகளிலிருந்து, ஆர்வலர்கள் இன்று அவற்றைப் பொறுக்கி எடுக்கின்றார்கள்.

நாடாவுக்கு வருவோம். கணினி நிரலை நாடாவில் ஒலியாகவே பதிகின்றது. சுழி என்றால் 1,200 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலை. ஒன்று என்றால் 2,400 ஹெர்ட்ஸ் ஒலியில் இரண்டு அலை. விநாடிக்கு 120 பைட். 256 பைட் சேர்ந்தது ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டின் முடிவிலும் அது பழுதின்றி வந்ததா என்று காட்டும் 16 பிட் சரிபார்ப்பு எண். ஏழாம் முறைப் பக்கம் ஒன்றுக்கு நான்கு கட்டுகள். மருமகன் நாடாவை ஓட்டி, ஒலியைத் தன் மடிக்கணினியில் பதிந்து, அதிலிருந்து பைட்டுகளைப் பிரித்தெடுத்து, எமுலேட்டர் படிக்கும் சிறு கோப்பாக ஆக்கினான். அது முடிந்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடுவான். அது பெரிது, கோப்பு சிறிது. "இடத்தை அடைக்குமே, அழித்துவிடு," என்று சொன்னதும் நாமே.

மூன்றாம் நாடாவை ஓட்டும்போது, ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தோம். கீச்சென்ற ஒலி எழுமுன் ஒரு குரல் கேட்டது.

"பக்கம் மூன்று. கெடிலம் ஆற்றின் படம். ஒன்பதாம் வகுப்புக்கு."

மாமாவின் குரல். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் கேட்கின்றோம். பின்னால் எங்கோ ஒரு மிதிவண்டி மணி. பிறகு பொறியின் கீச்சொலி.

எந்த இடத்தில் எந்தப் பக்கம் என்று அறிய, ஒவ்வொரு நிரலுக்கும் முன்னால் மாமா வாயால் சொல்லிப் பதிந்திருக்கின்றார்கள். கணினிக்கு அது வெறும் இரைச்சல், கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். கணினிக்காகச் செய்த கோப்பிலும் அது இராது. முதலிரண்டு நாடாக்களின் ஒலிப்பதிவையும் அழித்துவிட்டோமே என்று பதறி, மீண்டும் ஓட்டினோம். முதல் நாடா ஓடிற்று. இரண்டாவது, புயலில் நனைந்தவற்றுள் ஒன்று. பாதியில் சுருண்டு, உருளையில் சிக்கி, அறுந்தது; வெளியே எடுத்தபோது பூச்சு தூளாக உதிர்ந்தது. அந்நாடாவிலிருந்த நான்கு பக்கங்களும் கோப்பாக இருக்கின்றன. மாமா அவற்றைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. மருமகன் அன்று இரவு சாப்பிடவில்லை. அவன்மீது என்ன குற்றம்? ஆணையிட்டது நாம்.

அதன்பின் முறையை மாற்றிக்கொண்டோம். நாடாவின் தொடக்கம் முதல் இறுதி வரை, வெற்றிடம் உட்பட, இருபுறமும் முழுமையாகப் பதிவது. பதிந்ததை மூன்று பிரதி எடுப்பது. அதற்குப் பிறகே பிரிப்பது. இடம் அடைத்தால் அடைக்கட்டும்.

நனைந்தவற்றுள் மற்றொன்றான பதினோராம் நாடாவில் இப்படி ஒரு குரல் இருந்தது: "பக்கம் ஏழு. உம்மா சொல்வது." தொடர்ந்து நான்கு கட்டுகள். மூன்று சரியாக வந்தன. நான்காவதில் பிழை. பழைய பொறியிலேயே ஓட்டியபோதும் நாடாவைத் திருப்பிச் சுற்றச் சொல்லித் திரை மறுத்தது. வந்த மூன்று கட்டுகளில் பக்கத்தின் மேற்பகுதி தெரிந்தது: ஒரு தட்டு, ஒரு குவளை, தட்டின்மேல் ஆவி பறப்பது போல் மின்னி மின்னி மறையும் மூன்று கோடுகள். நான்காம் கட்டில் இருப்பது கடைசி ஆறு வரிகள். உம்மா சொல்வது அங்கேதான் இருக்க வேண்டும்.

மருமகன் ஒலியலையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். சீரான அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் சில மில்லி விநாடி நேரம் அலையே இல்லை. புயல் நீர் தின்ற இடம். இரண்டு பைட்டுகள் போயிருந்தன. மற்ற 254 பைட்டுகளும் நலமே. அவற்றை மட்டும் திரையில் வைத்துப் பார்த்தோம். அரபு எழுத்து! மஞ்சள் சதுரங்களால் கட்டிய அரபு எழுத்து. நிறம் மாற்றும் குறி ஒவ்வொரு வரியின் இடக்கோடியிலும் ஒரு கட்டத்தை வெறுமையாக்கிவிடும்; தமிழ் எழுதும்போது மாமாவுக்கு அது தொல்லை. வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்துக்கு அது தடையாகவே இல்லை.

"இரண்டு கட்டம்தானே மாமா, வெறுமையாக விட்டுவிடலாம்," என்றான் மருமகன்.

விட முடியாது என்றோம். அரபு எழுத்தில் ஒரு புள்ளி எழுத்தையே மாற்றிவிடும். தமிழுக்கே உரிய ஒலிகளைக் காட்ட நம் முன்னோர் அரபு எழுத்துகளோடு புள்ளியும் குறியும் சேர்த்தே புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். இங்கே உயிர்க்குறிகளும் இல்லை. சதுரங்கள் இடம் கொடுக்கவில்லை போலும். இந்நிலையில் போன இரண்டும் புள்ளியா, வெறுமையா என்று நாமாகத் தீர்மானித்தால், மாமா எழுதாததை மாமாவின் பெயரால் எழுதியவர் ஆவோம்.

மருமகன் சிந்தித்தான். தெரியாதவை அடுத்தடுத்த இரண்டு பைட்டுகள். எப்படியும் 65,536 வாய்ப்புகளே உண்டு. நாடாவில் சரிபார்ப்பு எண் பழுதின்றி இருக்கின்றது. ஒவ்வொரு வாய்ப்பையும் இட்டுப் பார்த்து, எது அவ்வெண்ணோடு பொருந்துகின்றதோ அதுவே மாமா எழுதியது. அத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் பொருந்த முடியும் என்பது அக்கணக்கின் இயல்பு. கண்ணிமைக்கும் நேரத்தில் விடை வந்தது. ஒரு கட்டம் வெறுமை. மற்றதில் ஒரு புள்ளி.

பக்கம் முழுமையாயிற்று. ஆனால் நம்மால் படிக்க முடியவில்லை. நமக்கு அரபு எழுத்துத் தெரியும். உயிர்க்குறியின்றி எழுதிய தமிழைக் கூட்டிச் சொல்லாக்கும் பழக்கம் இல்லை. நாமும் மருமகனும் ஒரு மணி நேரம் எழுத்துக் கூட்டிப் பார்த்து ஓய்ந்தோம். பொறியைக் காத்தோம், நாடாவைக் காத்தோம், பைட்டையும் காத்தோம். கடைசியில் உம்மம்மாவின் கணக்கேட்டின் முன் நின்ற இடத்திலேயே வந்து நின்றோம்.

மறுநாள் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயிலேறினோம். இப்போது அகலப்பாதை, நிலையங்கள் அவையே. மாமாவின் மூத்த சகோதரியான நம் பெரியும்மா அதே வீட்டில் இருக்கின்றார்கள், வயது 84. எமுலேட்டரைத் திறந்ததும் அந்த இரட்டை ஒலி கேட்டது. "தம்பி பெட்டி சத்தமில்ல இது?" என்று அடுக்களையிலிருந்து எழுந்து வந்தார்கள். பக்கத்தைக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, திரையில் கைவைத்து, வலமிருந்து இடமாக ஒரே மூச்சில் வாசித்தார்கள்:

"சோறு ஆறுது."

வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரவில் மாமா அந்தப் பொறியின்முன் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பதில்லை. உம்மம்மா பலமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் கதவருகே நின்று இவ்விரண்டு சொல்லைச் சொல்வார்களாம். ஒருநாள் மாமா அதையே பெட்டியில் எழுதி, உம்மம்மாவை அழைத்து வந்து காட்டினார்களாம். ஆங்கிலம் மட்டுமே அறிந்த பொறி தம் எழுத்தில், தம் சொல்லைச் சொல்லக் கண்டு உம்மம்மா வாய்விட்டு வாசித்தார்களாம். "வாசிச்சிட்டு, 'இதை எழுதுற நேரத்துல வந்து தின்னிருக்கலாமே'ன்னாங்க," என்றார்கள் பெரியும்மா.

பெரியும்மா வாசித்ததை மருமகன் பதிந்துகொண்டான். அக்குரலும் இப்போது அந்தப் பக்கத்தோடு சேர்ந்திருக்கின்றது. கணக்கேட்டையும் எடுத்துச் சென்றிருந்தோம். அன்று தொடங்கி, வெள்ளிதோறும் பெரியும்மா வாசிக்க நாம் எழுதிக்கொள்கின்றோம். மருமகன் அவ்வெழுத்தைக் கற்கின்றான்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பரணிலும் பழைய கணினி இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்த குரல் கடித நாடாக்கள் இருக்கலாம். பழைய பொறிக்கு, அறிந்தவர் திறந்து பார்க்குமுன் மின்சாரம் கொடுக்காதீர்கள். நாடாவை முதல் ஓட்டத்திலேயே முழுமையாகப் பதிந்துவிடுங்கள். இரண்டாம் ஓட்டம் கிட்டாமல் போகலாம். எது இரைச்சல், எது பொருள் என்று அவசரப்பட்டுத் தீர்மானிக்காதீர்கள். பிரதிகளை ஒரே வீட்டில் வைக்காதீர்கள்; புயல் வீடு பார்த்து வருவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவற்றைப் படித்துச் சொல்லக்கூடியவர் வீட்டில் யார் என்று பாருங்கள். அவர்கள் அடுக்களையில் இருக்கக்கூடும். இன்றே போய் அவர்கள் அருகில் உட்காருங்கள்.